ஃபோல்டர் திறக்க லேட் ஆகுது: ‘பெரிய வீடு’ குரூப்ல

சுமதி அத்தை: போன்ல ஆப்பையெல்லாம் ஃபோல்டர் ஃபோல்டரா பிரிச்சு வச்சிருக்கேன். தொட்டா உடனே திறக்க மாட்டேங்குது, ரெண்டு செகண்ட் அப்படியே நிக்குது. ஒரே ஃபோல்டர்ல ஜாஸ்தி ஆப் இருக்கிறதாலயா?

கார்த்தி: இல்ல அத்தை. ஐகானை அடுக்கிக் காட்டுறது லாஞ்சர்னு ஒரு ஆப், திணறுறது அதுதான். எப்பவுமே லேட்டா, இல்ல கேமரா, யூடியூப்லேர்ந்து வெளிய வந்ததும் மட்டுமா?

சுமதி அத்தை: வெளிய வந்ததும்தான். கேலண்டர் கட்டம்கூட கொஞ்ச நேரம் காலியா இருந்துட்டு வருது

வித்யா: அப்போ ரேம் பத்தல, அதாவது ஓடுற ஆப்பெல்லாம் தங்குற தற்காலிக மெமரி. கேமராவுக்கு இடம் விட ஆண்ட்ராய்டு லாஞ்சரையே மூடிடுது. ஹோம் பட்டன் அமுக்கினதும் அது முதல்லேர்ந்து எழுந்து விட்ஜெட் (உங்க கேலண்டர் கட்டம் மாதிரி), ஐகான் எல்லாத்தையும் வரையணும். அதுக்குள்ள நீங்க ஃபோல்டரைத் தொட்டுடுறீங்க

ரவி சித்தப்பா: ரேம் கிளீனர் ஒண்ணு இறக்கிப் போடு, சரியாயிடும்

கார்த்தி: வேணாம் சித்தப்பா, அதுவே பின்னாடி ஓடி ரேமைத் தின்னும். அது மூடுற ஆப்பெல்லாம் திரும்பத் திறக்க இன்னும் லேட்டாகும்

கார்த்தி: அத்தை, பார்க்காத விட்ஜெட்டை எடுத்துடுங்க. அசையுற வால்பேப்பர் இருந்தா சாதா படம் வைங்க. அப்புறம் செட்டிங்ஸ் > ஆப்ஸ்ல லாஞ்சரைத் தேடுங்க. சாம்சங்ல ‘ஒன் யூஐ ஹோம்’, பிக்சல்ல ‘பிக்சல் லாஞ்சர்’, ரெட்மில ‘சிஸ்டம் லாஞ்சர்’. ஸ்டோரேஜ் உள்ள போய் ‘க்ளியர் கேஷ்’ அமுக்குங்க, தற்காலிகமா சேர்ந்த ஃபைல் மட்டும் போகும்

சுமதி அத்தை: பக்கத்துல ‘க்ளியர் டேட்டா’ன்னும் இருக்கே?

கார்த்தி: அதைத் தொடாதீங்க!! போட்டு வச்ச ஃபோல்டர் மொத்தமும் கலைஞ்சிடும்

வித்யா: பவர் சேவிங் ஆன்ல இருந்தா அணைங்க, ப்ராசஸர் வேகத்தையே குறைக்கும். ஸ்டோரேஜ் எவ்வளவு காலி?

சுமதி அத்தை: 64ல 61 போயிடுச்சு

வித்யா: இதுவும் ஒரு காரணம். போன் ஸ்டோரேஜ்ங்கிறது ஃப்ளாஷ் மெமரி, அதுல புதுசா எழுதணும்னா பழைய பிளாக்கை முழுசா அழிக்கணும். காலி இடம் இருந்தா போன் அதை முன்கூட்டியே செஞ்சு வச்சுக்கும், இல்லேன்னா நீங்க தொடுற நேரத்துலதான் செய்யும். 7, 8 ஜிபியாவது விடுங்க. கேலரில அழிக்கிறது ட்ராஷ்ல உட்கார்ந்திருக்கும், அதையும் காலி பண்ணணும்

ராஜி: டெவலப்பர் ஆப்ஷன்ல அனிமேஷனை 0.5 ஆக்கினா போதும்னாங்களே?

வித்யா: பில்ட் நம்பரை 7 தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன் வரும், அதுல மூணு அனிமேஷன் ஸ்கேலையும் 0.5 ஆக்கலாம். ஆனா ஃபோல்டர் விரியுற நேரம்தான் குறையும், ரேம் அதிகமாகாது. சில பேங்க் ஆப் டெவலப்பர் ஆப்ஷன் ஆன்ல இருந்தா திறக்கவும் திறக்காது. அக்சஸிபிலிட்டில ‘ரிமூவ் அனிமேஷன்ஸ்’ இருக்கு, அது போதும்

கார்த்தி: இடத்துக்கு வாட்ஸ்அப்லேர்ந்தே ஆரம்பிங்க. செட்டிங்ஸ் > ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா > மேனேஜ் ஸ்டோரேஜ் > ‘லார்ஜர் தன் 5 எம்பி’

ரவி சித்தப்பா: என் குட்மார்னிங் வீடியோவையா அழிக்கச் சொல்றே?

கார்த்தி: 😄 அதேதான். அத்தை, ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’லயே ‘மீடியா ஆட்டோ டவுன்லோட்’ல மொபைல் டேட்டா, வைஃபை ரெண்டுலயும் வீடியோ டிக்கை எடுத்துடுங்க