நார்வே மலைகளிலும் ஃபியோர்டுகளிலும் மிதிவண்டிப் பயணம்: இந்தத் திட்டம் நடக்குமா?

கேள்வி:
வரும் ஜூலை முதல் வாரத்தில் நானும் என் தங்கையும் ஓஸ்லோவிலிருந்து ரயிலில் ஹௌகாஸ்டோல் வரை சென்று, அங்கிருந்து ரல்லார்வேகன் பாதையில் ஃப்ளோமுக்கு இறங்கி, பிறகு லேர்டால், ஷோல்டன், சொக்னஃபியெல் கணவாய் வழியாக லோம் ஊரை அடைய எண்ணியிருக்கிறோம். கூடாரமும் சமையல் பொருள்களும் வண்டியிலேயே வரும். நாளுக்கு 90 கி.மீ. என்று கணக்கிட்டிருக்கிறோம். அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
முதலில் தேதியை மாற்றப் பாருங்கள். ரல்லார்வேகன், 1909இல் திறக்கப்பட்ட பெர்கன் ரயில்பாதையைக் கட்டியவர்களுக்காகப் போடப்பட்ட மண்பாதை. அதன் உச்சி 1343 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஜூலை நடுப்பகுதி வரைகூடப் பனி விலகாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும்படி ஆகலாம். ஆகஸ்டு நல்ல மாதம். தேதி மாறாது என்றால், ரயிலில் மீர்டால் வரை சென்று, அங்கிருந்து ஃப்ளோம் வரையிலான சுமார் 20 கி.மீ. இறக்கத்தை மட்டும் ஓட்டுங்கள். தொடக்கத்திலேயே வரும் 21 கொண்டை ஊசி வளைவுகளில், சுமையேற்றிய வண்டியிலிருந்து இறங்கி நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரயிலில் வண்டிக்கும் இடம் முன்பதிவு செய்ய வேண்டும். கோடையில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும்.

பதில் 2:
நார்வேயில் உங்கள் பாதையைத் தீர்மானிப்பது தூரம் அன்று, சுரங்கப்பாதைகளே. வரைபடத்தில், ஃப்ளோமை அடுத்துள்ள ஔர்லாண்டும் லேர்டாலும் அருகருகே தெரியும். ஆனால் இடையிலுள்ள 24.5 கி.மீ. சுரங்கத்தில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. எனவே 1306 மீட்டர் வரை ஏறும் ஔர்லாண்ட்ஸ்ஃபியெல் பழைய சாலையைத்தான் பிடிக்க வேண்டும். அது கிட்டத்தட்ட கடல் மட்டத்திலிருந்தே தொடங்குவதால், அந்த ஒரு நாளுக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வதே நியாயம். அடுத்து, சொக்னஃபியெல் கணவாய் 1434 மீட்டர். ஷோல்டனோ ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கிடையே உள்நோக்கி நீளும் கடல்நீர்ப் பரப்பின், கரையிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட நிலப்பரப்பில் நாளுக்கு 90 கி.மீ. என்ற ஒரே கணக்கு எடுபடாது. ஒவ்வொரு நாளின் ஏற்றத்தையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். லேர்டாலிலிருந்து வடக்கே செல்லும் வழியிலும் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மிதிவண்டி அனுமதி உண்டா என்று புறப்படுமுன் சரிபார்த்துவிடுங்கள். இல்லாத இடத்தில் படகோ பேருந்தோதான் வழி.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆகஸ்டுக்கு மாற்றிவிடுகிறோம். கூடாரத்தை எங்கு வேண்டுமானாலும் போடலாமா?

பதில் 3:
1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடப்படாத திறந்த நிலத்தில் தங்கலாம். ஆனால் ஆள் வசிக்கும் வீட்டிலிருந்தும் விடுமுறைக் குடிலிலிருந்தும் குறைந்தது 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்; உரிமையாளரின் அனுமதியின்றி ஒரே இடத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது. மலை உச்சிப் பகுதிகளில் இந்த நாள் வரம்பு தளர்கிறது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டருகிலும் நெருப்பு மூட்டத் தடை உண்டு. ஃபியோர்டுகளின் கரை செங்குத்தானது, சமதளம் கிடைப்பது அரிது. ஆகவே பிற்பகலிலேயே இடம் தேடத் தொடங்குங்கள். கணவாயில் கீழைவிட ஏறத்தாழ பத்து டிகிரி குளிர் கூடுதலாக இருக்கும். கையுறையும் மழைச்சட்டையும் பையின் மேல்பகுதியில் இருக்கட்டும்.