வேடந்தாங்கல் பறவைகளுக்கு: பி950 சூப்பர்ஜூமா, பழைய டி7200-உம் 70-300-உமா?

ஏரிக்கரை

வணக்கம். பறவைப் படம் எடுக்க முதல் கேமரா வாங்கணும். பட்ஜெட் 75,000 ரூபாய். அடிக்கடி போகும் இடங்கள் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை. சீசனில் ஒரு தடவை கூந்தன்குளம்.

ரெண்டு வழி தெரியுது. ஒண்ணு நிக்கான் கூல்பிக்ஸ் பி950: 2000 மி.மீ. ஜூம், லென்ஸ் மாத்துற வேலையே இல்லை. இன்னொண்ணு செகண்ட் ஹேண்ட் நிக்கான் டி7200 பாடி (லென்ஸ் இல்லாத டிஎஸ்எல்ஆர் கேமரா), கூட 70-300 லென்ஸ். கடையில் கேட்டால் "டிஎஸ்எல்ஆர்தான் சார் குவாலிட்டி" என்கிறார்கள். கூட்டில் உட்கார்ந்திருக்கும் நாரை, கூழைக்கடா எடுக்கணும். நத்தைகுத்தி பறக்கும்போதும் எடுக்கணும். ஏ4 பிரிண்ட் போடற அளவுக்குத் தெளிவு வேணும். எது சரி?

குவியம்

பாடியை ஓரமாக வைத்துவிட்டு லென்ஸைப் பாருங்கள். தூரத்துப் பறவையிலிருந்து எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்பதை லென்ஸின் திறப்பு விட்டம்தான் முடிவு செய்கிறது. குவியத்தூரத்தை (லென்ஸில் மி.மீ. என்று குறித்திருப்பது) எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைத்துவிடும்.

பி950-இல் 2000 மி.மீ. என்பது ஃபிலிம் கேமராக் கணக்கு, அதாவது அதே காட்சிக்கு ஃபிலிம் கேமராவில் தேவைப்படும் குவியத்தூரம். உண்மையான குவியத்தூரம் 357 மி.மீ., முழு ஜூமில் எஃப் 6.5. வகுத்தால் 55 மி.மீ. நிக்கான் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 லென்ஸ் 300-இல் எஃப் 6.3, வகுத்தால் 48 மி.மீ. நீங்கள் "சின்ன கேமரா" என்று நினைப்பதன் கண்தான் இங்கே பெரியது. நிக்கான் 200-500 எஃப் 5.6 என்றால் 89 மி.மீ.; அது வேறு உலகம்.

அடுத்தது பிக்சல். 16 செ.மீ. நீளமுள்ள சிறு மீன்கொத்தி 30 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். டி7200-உம் 300-உம் என்றால் பறவையின் நீளத்துக்கு ஏறக்குறைய 410 பிக்சல். அதே பாடியில் 500 போட்டால் 680. பி950-இல் 1,420. ஆனால் இந்த 1,420-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. எஃப் 6.5-இல் விளிம்பு விளைவால் (திறப்பைக் கடக்கும்போது ஒளி வளைந்து பரவுவது) ஒரு புள்ளி சென்சாரில் 8.7 மைக்ரான் வட்டமாகப் பரவும். பி950-இன் பிக்சல் அகலம் 1.34 மைக்ரான்தான். அதாவது ஒரு புள்ளி ஆறு பிக்சல் அகலத்துக்குப் பூசிக்கொள்ளும். பாதி விவரம் தேறும் என்று வைத்துக்கொண்டாலும் 410-ஐவிட அதிகம்தான்.

ஒரு மீட்டர் உயர நாரை 80 மீட்டரில் நின்றால், பி950-இன் முழு ஜூமில் ஃபிரேம் மேலிருந்து கீழ்வரை நிரம்பிவிடும். டி7200-உம் 300-உம் என்றால் நாரையின் உயரம் 960 பிக்சல். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிரிண்ட் போட்டால் 8 செ.மீ. ஏ4 முழுக்க நாரை வேண்டும் என்றால் அது போதாது.

ஆகவே 300-இலேயே நின்றுவிடப் போகிறீர்கள் என்றால் பி950 வாங்குங்கள். 400-க்கு மேல் லென்ஸ் போட முடிந்தால் மட்டும் டிஎஸ்எல்ஆர் பற்றிப் பேசலாம்.

நீர்க்கடம்பு

குவியம் அண்ணா சொன்னது உட்கார்ந்த பறவைக்குச் சரி. பறக்கிற பறவைக்கு வாங்க.

முழு ஜூமில் பி950-க்கு 80 மீட்டர் தூரத்தில் தெரியும் அகலம் 1.4 மீட்டர்தான். நத்தைகுத்தி இறக்கையை விரித்தாலே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், ஃபிரேமில் அடங்காது. சரி, 600-800-க்குக் குறைச்சு எடுக்கலாம்னா, அங்கே ஃபோகஸ் மாட்டிக்கும். இந்த வகைக் கேமரா கான்ட்ராஸ்ட் முறையில் ஃபோகஸ் தேடும்: லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத்தான் தெளிவான இடத்தைக் கண்டுபிடிக்கும். பறவை நம்மை நோக்கி வந்தால், அது கண்டுபிடிச்ச இடத்தில் பறவை இருக்காது. டி7200-இல் 51 பாயின்ட் ஃபேஸ் டிடெக்ஷன். எந்தப் பக்கம் எவ்வளவு நகரணும்னு ஒரே பார்வையில் தெரிஞ்சுக்கும். ஏஎஃப்-சி (விடாமல் தொடரும் ஃபோகஸ்) வைத்து 9 பாயின்ட் டைனமிக் போட்டால் நாரை, கூழைக்கடா மாதிரி மெதுவாகப் பறக்கிறதை விடாமல் பிடிக்கும்.

இன்னொண்ணு, பி950-இன் தொடர் ஷாட் விநாடிக்கு 7 படம். ஆனால் ஒன்றரை விநாடிக்குள் பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைக்கிற நினைவகம்) நிறைஞ்சிடும். அப்புறம் கார்டில் எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். கூட்டுக்கு மீன் கொண்டுவந்த தாய்ப்பறவை வாயைத் திறக்கிற நேரம் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான் போகும். காலை ஆறரை மணி வெளிச்சம் பற்றியும் சொல்லணும்: டி7200-இன் சென்சார் பரப்பு பி950-ஐப்போல் 13 மடங்கு. ஒளி உணர்வை ஏற்றி ஐஎஸ்ஓ 1600-இல் வைத்தால் பி950 படம் களிமண் பூசின மாதிரி ஆகிடும்.

குவியம்

ஃபோகஸ், பஃபர் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். 13 மடங்கு கணக்குதான் இங்கே பொருந்தாது. பெரிய சென்சாரின் லாபம், பறவை இரண்டு கேமராவிலும் ஃபிரேமை நிரப்பும்போதுதான் கைக்கு வரும். 300 லென்ஸில் பறவை நடுவில் சின்னதாக இருந்து, நீங்கள் கிராப் செய்தால், சென்சாரின் ஓரப் பரப்பெல்லாம் வெட்டியெறியப்படுகிறது. மிஞ்சிய பறவைக்கு வந்த ஒளி 48 மி.மீ. திறப்பு வழியாக வந்தது. பி950-க்கு வந்தது 55 மி.மீ. வழியாக. தூரத்துச் சின்னப் பறவைக்கு இரைச்சல் (படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்) இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். பத்து மீட்டரில் வந்து உட்காரும் கொக்குக்கு டி7200 தெளிவாக ஜெயிக்கும். வெள்ளை இறகின் மடிப்புகள் வெளிறிப்போகாமல் நிற்கும்.

ஏரிக்கரை

கணக்கு புரிஞ்சுது, நன்றி. அப்போ 70-300 வேண்டாம்னு வெச்சுக்கறேன். அதே 75,000-க்குள் டிஎஸ்எல்ஆரில் 400-க்கு மேல் போக வழி இருக்கா? செகண்ட் ஹேண்ட்ல என்ன பார்த்து வாங்கணும்?

மூன்றாங்கால்

நண்பரே, பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள். 200-500 இந்தத் தொகைக்குள் பாடியோடு சேர்த்து அமைவது கடினம். நடைமுறையில் சரிப்படுவது பழைய நிக்கான் ஏஎஃப்-எஸ் 300 எஃப் 4 டி லென்ஸும் டிசி-14இ டெலிகன்வர்ட்டரும் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி, குவியத்தூரத்தை 1.4 மடங்காக்கும் துண்டு). இரண்டும் சேர்ந்து 420 மி.மீ. எஃப் 5.6, திறப்பு 75 மி.மீ. அந்த மீன்கொத்திக்கு 570 பிக்சல் கிடைக்கும். லென்ஸ் 1,440 கிராம், கன்வர்ட்டர் 200, டி7200 பாட்டரியோடு 765: மொத்தம் 2.4 கிலோ. (பி950 ஒரு கிலோதான், அரை நாள் தோளில் தொங்கும்போது இது சின்ன வித்தியாசம் இல்லை.) இந்த லென்ஸில் விஆர் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) கிடையாது. கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/800 விநாடிக்குக் கீழே போகாதீர்கள், அல்லது மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வையுங்கள்.

இந்த லென்ஸில் பழுதாகும் இடம் ஃபோகஸ் மோட்டார். லென்ஸைக் காதருகே வைத்து, பக்கத்திலிருந்து தூரம் வரை இருபது தடவை ஃபோகஸ் ஓட விடுங்கள். கீச்சென்று சத்தம் வந்தாலோ நடுவில் தயங்கினாலோ விட்டுவிடுங்கள். பிறகு இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். அது படத்தைக் கெடுக்காது. சிலந்தி வலை நூல்போல் கிளைத்து ஓடினால் பூஞ்சை. அது கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது.

பாடிக்கு: ஒரு ஜேபெக் எடுத்து ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள், நிக்கான் படக்கோப்புக்குள்ளேயே அது பதிவாகியிருக்கும். டி7200 ஷட்டர் 1,50,000-க்குச் சோதிக்கப்பட்டது. 60,000-க்குக் கீழ் இருந்தால் தயங்க வேண்டாம். எஃப் 16-இல் வெறும் வானத்தை எடுத்துத் திரையில் பெரிதாக்குங்கள். கரும்புள்ளிகள் சென்சார் தூசி, ப்ளோயரில் போகும். ப்ளோயருக்கும் அசையாமல் விளிம்பு கூர்மையாக நிற்கும் கோடு என்றால் கீறல்; அந்தப் பாடி வேண்டாம்.

விலை குறைவு என்று டி5600, டி3500 பக்கம் போனால் உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் வராது (மேலே சொன்ன 300 ஏஎஃப்-எஸ் வகை, அதில் மோட்டார் உண்டு). அந்தப் பாடிகளில் மோட்டார் இல்லை. அதற்கும் கீழே டி7000, டி90 என்று இறங்கினால் ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே ஆகாது. கடையில் லென்ஸ் மாட்டிக்கொள்வதால் "செட்" ஆகிறது என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மாட்டுவது வேறு, வேலை செய்வது வேறு. நாளைக்கு மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் இதே வகைச் சிக்கல் உண்டு: பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ் லென்ஸ் ஓடும், ஏஎஃப்-டி கையால்தான் திருப்பணும்.

நீர்க்கடம்பு

மூன்றாங்கால் சார் சொன்ன 300 எஃப் 4 செட்டுக்கு என் ஓட்டும். கன்வர்ட்டரைக் கழற்றினால் எஃப் 4 கிடைக்கும், அதிகாலைக்கு அது ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு ஒளி) லாபம்.

ஏரிக்கரை

கொஞ்சம் தடுமாற்றம்தான். மோனோபாட், கன்வர்ட்டர்னு ஆரம்பத்திலேயே தூக்கிட்டு அலையணுமான்னு யோசனை. பறக்கிறது பத்துக்கு ரெண்டு கிடைச்சாலும் போதும், உட்கார்ந்தது நல்லா வரணும். அப்படீன்னா பி950-ஐ எப்படிப் பயன்படுத்தணும்?

குவியம்

அப்படியென்றால் பி950 உங்களுக்குப் பொருந்தும். பி900 மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதில் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) கிடையாது. வெள்ளைக் கொக்கும் கரிய நீர்க்காகமும் ஒரே மரத்தில் இருக்கும் இடத்தில் ரா இல்லாமல் கஷ்டப்படுவீர்கள்.

எஸ் மோடு வையுங்கள், அதில் ஷட்டர் வேகத்தை நீங்கள் முடிவு செய்யலாம். உட்கார்ந்த பறவைக்கு 1/250-இலிருந்து 1/500, பறப்பதற்கு 1/1600. ஐஎஸ்ஓ-வுக்கு 400 மேல்வரம்பு, அவசரத்துக்கு 800. ஃபோகஸ் பகுதியை நடுவில் மிகச் சிறியதாக வையுங்கள். வேடந்தாங்கலில் கூடுகள் நீரில் நிற்கும் கடப்ப மரக் கிளைகளுக்கு நடுவே இருக்கும். பெரிய கட்டம் வைத்தால் முன்னால் இருக்கும் குச்சியில் போய் ஃபோகஸ் நின்றுவிடும். அப்போதும் பிடிக்காவிட்டால் பக்கவாட்டு டயலில் கையால் திருப்புங்கள். தெளிவான விளிம்புகள் நிறத்தில் மின்னும்படி பீக்கிங்கை ஆன் செய்துகொள்ளலாம்.

அடுத்தது எக்ஸ்போஷர் திருத்தம் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது). வெள்ளைப் பறவை, பின்னால் இருண்ட இலை: மைனஸ் 0.7. பின்னால் வெறும் வானம் தெரியப் பறப்பது: ப்ளஸ் 1. இந்த இரண்டையும் விரல் யோசிக்காமல் திருப்பப் பழகுங்கள்.

லென்ஸ் குழாயின் இடப்பக்கம் ஒரு பட்டன் இருக்கிறது, ஸ்னாப்-பேக் ஜூம். முழு ஜூமில் பறவை ஃபிரேமைவிட்டுப் போய்விட்டால் பலரும் கேமராவை அங்குமிங்கும் ஆட்டித் தேடுவார்கள்; ஒரு டிகிரி அகலத்தில் அது கிடைக்கவே கிடைக்காது. அந்தப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், காட்சி விரியும். பறவையை நடுவில் கொண்டுவந்து விரலை எடுங்கள், பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். முதல் வாரம் வீட்டு மாடியில் காக்கையை வைத்து இது ஒன்றை மட்டும் பழகினால் போதும்.

முழு ஜூமில் ஐந்து மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது, பின்னால் நகருங்கள். காலை ஒன்பதரைக்கு மேல் ஏரியின் மேல் காற்று நெளிய ஆரம்பித்தால் 2000-ஐ விட்டுவிடுங்கள். கானல் அலையில் இறகு மெழுகாகிவிடும். எந்த விலை லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாங்கால்

கூடுதல் பாட்டரி ஒன்று சேர்த்து வாங்குங்கள். பி950 ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 290 படம்தான். டி7200 என்றால் 1,110. கூந்தன்குளத்தில் காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும்.

ஜூம் நீளும்போதெல்லாம் குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், தூசியும் கூடவே வரும். இந்தச் சென்சாரை நாம் திறந்து துடைக்க முடியாது, சர்வீஸ்தான். அதனால் மண் பறக்கும் கரையில் ஜூமை நீட்டி வைத்துக்கொண்டே நடக்காதீர்கள். வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கணும். நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் வாணலியில் வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். சூட்டோடு போட்டால் டப்பாவுக்குள்ளேயே வியர்த்துவிடும்.