கையால் செய்த ஸ்டியரிங் மாற்றங்கள்: நேரில் பட்டதைச் சொல்லுங்கள்

செம்மண்தடம்

இரண்டு வருடமாக மனதை விட்டுப் போகாத ஒன்று. நண்பர் தன் வண்டிக்கு 35 அங்குல டயர் மாட்டியிருந்தார். முன்சக்கரம் இரண்டையும் இணைக்கும் டை ராடு என்ற கம்பி பாறையில் அடிபட்டு வளைந்துபோக, அதை நிமிர்த்தி, மேலே ஆங்கிள் இரும்பை வைத்து அவரே வெல்டிங் செய்துவிட்டார். கல்பாதையில் ஓட்டப் போன நாளன்று காலை டயரில் காற்றைக் குறைக்கக் குனிந்தபோது பார்த்தேன். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு துருக்கோடு. பெயின்ட் மேல் அந்த இடத்தில் மட்டும் பழுப்பு கசிந்திருந்தது. ஆசையாகச் செய்த வேலை, எதற்குக் குறை சொல்வது என்று பேசாமல் நிமிர்ந்துவிட்டேன்.

மதியம் கல்பாதையில் இறங்கும்போது நான் முன்னால் நின்று கை காட்டிக்கொண்டிருந்தேன். டங் என்று ஒரு சத்தம். ஒரு சக்கரம் அவர் திருப்பிய பக்கம் போகிறது. இன்னொன்று வெளியே பார்த்துத் திரும்பி நிற்கிறது. முன்சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு திசையில் நிற்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நடை வேகம்தான், மண்மேட்டில் முட்டி நின்றது. மாலையில் தார்ச்சாலையில் 80-ல் வீடு திரும்ப வேண்டிய வண்டி அது. பின்சீட்டில் அவர் பிள்ளைகள்.

மேட்டுவண்டி

என்னுடையதில் எதுவும் உடையவில்லை. வண்டியை நாலு அங்குலம் உயர்த்தி லிஃப்ட் செய்தேன், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பியைத் தொடவில்லை. அது, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடுக்கு இணையாக இல்லாமல் சரிந்து நின்றது. சஸ்பென்ஷன் அமுங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு வளைவில் பள்ளம். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்கிறேன், வண்டி எதிர்ப்பக்கம் தாவுகிறது. எதிரே வந்த லாரி ஓட்டுநரின் முகம் வரை எனக்கு நினைவிருக்கிறது.

பழைய டீசல்

செம்மண்தடம், வெல்டிங் மேல் பழி போடுவது சரியில்லை. செய்தவருக்குக் கை வரவில்லை என்று சொல்லுங்கள். முறையாகச் செய்த வெல்டிங் தாய் இரும்பை விட உறுதியாக நிற்கும்.

என் கதை சின்னது. டை ராடு எண்டில், அதாவது அதன் முனை மூட்டில், நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின் தொலைந்ததால் ஓர் ஆணியை வளைத்து மாட்டினேன். மாலையில் பார்த்தால் ஆணி இல்லை, நட்டை விரலாலேயே கழற்ற முடிந்தது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிலிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள். பின்னால் தளர்த்தவே கூடாது. சொந்தமாக ராடு செய்தால் தண்ணீர்க் குழாயை எடுக்காதீர்கள், கனமான சுவருள்ள தையலில்லாத குழாய் வேண்டும். எண்டின் மரை அதன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே போக வேண்டும், லாக் நட் கட்டாயம். ஹைம் ஜாயிண்ட் (நடுவில் துளையுள்ள உருண்டை மூட்டு) போடுபவர்கள் போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் தாங்க விடாதீர்கள், இரண்டு பக்கமும் தட்டு வேண்டும். அந்த ஜாயிண்டுக்கு ரப்பர் உறை இல்லாததால் மணலும் சேறும் உள்ளே போய்ச் சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். அப்புறம், கிளம்பும் முன் ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகச் சிறிது ஆட்டட்டும். இன்னொருவர் கீழே ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்க்கட்டும். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸில் அமரும் இடத்தையும் பாருங்கள். பெரிய டயர் போட்டால் விரிசல் அங்கேயும் வரும்.

ஆழியாறு நீரோட்டம்

பழைய டீசல் சொன்ன சோதனை அருமை. முதல் பத்தியை ஏற்க முடியாது. வெல்டிங்குக்குப் பக்கத்து இரும்பு சூட்டில் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. உறுதியாக நிற்கும் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே பலவீனமான ஒரு கோட்டை நாமே உண்டாக்குகிறோம். வார்ப்பு, ஃபோர்ஜிங் (சூடாக்கி அடித்து உருவாக்கிய) பாகங்களில் இன்னும் மோசம்.

எனக்கு நேர்ந்தது ஹைட்ராலிக்கில். நண்பரும் நானும் ஸ்டியரிங் ஷாஃப்டையே எடுத்துவிட்டு, வெறும் ஆயில் குழாய்களால் சக்கரத்தைத் திருப்பும்படி செய்தோம். ஒரு குழாய் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. சரிவில் வெடித்தது. கையில் இருந்த ஸ்டியரிங் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றியது, கடைசிவரை சுற்றிக்கொண்டே இருந்தது. சக்கரத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. பிரேக் இருந்தது, பிழைத்தோம். அந்த லேசான சுழற்சி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

பழைய டீசல்

சரி, ஒன்று மட்டும் கேட்கிறேன். செம்மண்தடம், அந்த ராடு வெல்டிங்கிலேயே உடைந்ததா, பக்கத்திலா?

செம்மண்தடம்

உடைந்த துண்டு என்னிடம்தான் இருக்கிறது, இப்போது எடுத்துப் பார்த்தேன். வெல்டிங் முழுசாக இருக்கிறது. அதன் ஓரத்தை ஒட்டி உடைந்திருக்கிறது. உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்துத் துருவேறியிருக்கிறது, மீதிப் பகுதி மட்டும் அன்று புதிதாக உடைந்தது. நான் குனிந்து பார்த்த காலையில் அந்த ராடு பாதிதான் மிச்சம் இருந்திருக்கிறது.