மூன்றாவது கட்சிக்குப் போட்ட ஓட்டு: உங்கள் பூத்தில் என்ன நடந்தது? (அனுபவப் பகிர்வு)

கரும்பலகை:

யாருக்குப் போட வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். திமுக, அதிமுக இரண்டையும் விட்டு வேறு கட்சிக்குப் போட்டவர்களும், போடலாம் என்று கிளம்பிக் கடைசியில் பெரிய கட்சிக்கே போட்டவர்களும், நடந்ததை எழுதினால் போதும். நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் தேர்தல் பணி எனக்கு விட்டுப்போனதே இல்லை. வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் உட்கார்ந்திருக்கிறேன். விடிந்ததும் மாதிரி வாக்குப்பதிவு. ஏஜெண்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டாவது போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு சீல் வைப்போம். அந்த நேரத்துக்கு யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்தாலே, அந்த ஊரில் எந்தக் கட்சி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்கள் எனக்கு முன்பே பள்ளிக்கூடத்து வாசலில் இருப்பார்கள். கையில் வாக்காளர் பட்டியல், ஸ்கேல், பென்சில். யார் இறந்துவிட்டார், யார் திருப்பூருக்கு வேலைக்குப் போனார், யார் நூறு நாள் வேலை முடிந்துதான் வருவார், எல்லாம் ஓரத்தில் குறித்திருக்கும். மதியத்துக்கு மேல் வெளியில் இருக்கும் அவர்கள் ஆட்கள், இன்னும் வராதவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

மாலையில் பதிவான மொத்த ஓட்டை 17சி படிவத்தில் எழுதி, கையெழுத்திட்டு, ஏஜெண்டுகளுக்கு ஆளுக்கொரு நகல் தருவோம். மூன்றாவது அணிக்கு என்று நகல் நீட்டினால் பெரும்பாலும் வாங்க ஆள் இருக்காது. 2016-ல் தேமுதிக, மதிமுக, விசிக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், தமாகா என்று ஆறு கட்சிகள் ஒன்றாக நின்றன. அந்த ஆறுக்கும் சேர்த்து என் சாவடிக்கு வந்தவர் ஒரே ஒரு தோழர். சாப்பிடப் போக மாற்றிவிட ஆளில்லாமல், டீயும் பன்னுமாக மாலை வரை அந்த பெஞ்சிலேயே இருந்தார். 234 தொகுதியில் அந்த அணிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் முகம் எனக்கு மறக்கவில்லை.

அதனால் "ஓட்டு வீணாகுமா" என்று யாராவது கேட்டால், "அந்தக் கட்சிக்கு நம்ம பூத்தில் ஆள் இருக்கிறாரா" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். உங்கள் அனுபவம்?

மணிமுத்தாறு:

விருத்தாசலத்துக்காரன் என்ற முறையில் எனக்கு எழுதப் பாத்தியதை உண்டு. 2006-ல் தேமுதிக தனித்து நின்று மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. ஜெயித்தது விஜயகாந்த் நின்ற எங்கள் தொகுதி ஒன்றுதான். நானும் அவர்களின் முரசுச் சின்னத்துக்குத்தான் போட்டேன். சித்தப்பா அன்றைக்குப் பெரிய கட்சி ஒன்றில் கிளைச் செயலாளர். "கட்சி ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகலை, இவனுங்களுக்குப் போய்…" என்று பேச்சையே நிறுத்திவிட்டார். ஓட்டு எண்ணி முடித்த அன்று ராத்திரி பேருந்து நிலையத்திலிருந்து கடைத்தெரு வரைக்கும் முரசுச் சத்தம். எங்கள் ஊர் ஒன்றைச் செய்து காட்டியது என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. 2009 மக்களவைத் தேர்தலில் அதே கட்சிக்கு 10 சதவீதம் வந்தது, ஒரு எம்.பி.கூட இல்லை. 2011-ல் அதிமுகவோடு சேர்ந்தார்கள். 2006-ஐ விடக் குறைந்த சதவீதம், 8-க்கும் கீழே. ஆனால் 29 எம்.எல்.ஏ.க்கள்! திமுக 23-க்கு இறங்கியதால் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரே ஆனார். எத்தனை பேர் போட்டார்கள் என்பதை விட, அந்த ஓட்டு எந்தப் பெட்டியோடு சேர்ந்து எண்ணப்படுகிறது என்பதுதான் நம் முறையில் சீட்டைத் தீர்மானிக்கிறது.

2006-லும் 2009-லும் தனியாகப் போட்ட எங்கள் ஓட்டு இல்லையென்றால் 2011-ல் பேரம் பேச அவர்கள் கையில் என்ன இருந்திருக்கும்? அதனால் என் ஓட்டு வீண் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வருத்தம் வேறு. 2011-ல் விஜயகாந்த் எங்களை விட்டு ரிஷிவந்தியம் போனார், 2016-ல் உளுந்தூர்பேட்டை. இங்கே கிளைக் கழகம் என்று எழுதிய பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முதன்முதலில் நம்பிய ஊரில் நாலு பேரை நிற்கவைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

வீராணம்:

காட்டுமன்னார்கோயில். எண்ணைச் சொன்னாலே தெரிந்துவிடும்: 87.

2016-ல் மூன்றாவது அணியில் நின்ற விசிக தலைவர் திருமாவளவன் எங்கள் தொகுதியில் தோற்றது 87 ஓட்டில். மாநிலம் முழுக்க அந்த அணி சரிந்துகொண்டிருந்தபோது இங்கே மட்டும் சுற்றுக்குச் சுற்று முன்னும் பின்னுமாக வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் பெண்கள்கூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். முடிவு வந்ததும் ஒரு அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். சென்னையிலிருந்து வர முடியாத தம்பி, பிரசவத்துக்குப் போன நாத்தனார், பட்டியலில் பெயர் விட்டுப்போன பக்கத்து வீட்டு இரண்டு பேர்… எங்கள் ஒரு தெருவிலேயே பத்துப் பேர் தேறினார்கள்.

மூன்றாவது அணி எங்கேயும் ஜெயிக்காது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆள் இருக்கிற இடத்தில் 87 ஓட்டு வரைக்கும் கொண்டுவந்து காட்ட முடிந்தது. 2021-ல் அதே கட்சி திமுக கூட்டணியில் பானைச் சின்னத்தில் நின்று இந்தத் தொகுதியை ஜெயித்தது. கூட்டணி தேவை என்று சொல்ல அதுவும் ஒரு சாட்சி. இரண்டு தேர்தலிலும் நான் ஒரே கட்சிக்குத்தான் போட்டேன். முதல் தடவை அது மூன்றாவது அணி, இரண்டாவது தடவை பெரிய அணி. இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் என்ன சொல்ல?

மாம்பலம்:

வீராணம் அண்ணா, எங்களுடையது 137. 2021-ல் தியாகராய நகரில் திமுக அதிமுகவை வென்றது அவ்வளவு ஓட்டில்தான். மூன்றாவது, நான்காவது வந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு வாங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு மாமா லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "உங்களை மாதிரி ஆட்களாலதான்மா போச்சு" என்பார். அவர் எந்தக் கட்சி தோற்றதற்கு வருந்துகிறார் என்று இங்கே சொல்ல மாட்டேன். ஒருநாள் நின்று பதில் சொன்னேன்: "மாமா, நான் போட்ட கட்சி நிற்கலைன்னா நான் உங்க கட்சிக்குத்தான் போட்டிருப்பேன்னு எப்படி முடிவு பண்ணினீங்க? நான் வீட்லயே இருந்திருப்பேன்." பெரிய கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த நினைப்பு இருக்கிறது: என் ஓட்டு பிறக்கும்போதே அவர்களுடையது, நான் எடுத்துக்கொண்டுபோய் வேறெங்கோ கொடுத்துவிட்டேன் என்று. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதே நேரம், இரண்டில் ஒன்று ஜெயித்தால் தன் வீடும் வேலையும் பாதிக்கும் என்று பயப்படுகிறவர் மூன்றாவதுக்குப் போடாததை நான் குறைசொல்ல மாட்டேன். என் வீட்டில் வேலை செய்யும் அக்கா அப்படித்தான். அவர் வீடு கால்வாய் ஓரம், எப்போது இடிப்பார்களோ என்ற பயம். தெரிந்த கவுன்சிலர் இருக்கிற கட்சிக்குத்தான் போடுவேன் என்றார். அவர் கணக்கும் சரி, என் கணக்கும் சரி.

மைக் செட்:

நாம் தமிழர் பூத் ஏஜெண்ட். கரும்பலகை ஐயா சொன்ன பெஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் கஷ்டம் வேறு: சின்னம். 2016-ல் இரட்டை மெழுகுவர்த்தி. 2019, 2021-ல் கரும்பு விவசாயி. சுவரெல்லாம் எழுதி, சனங்கள் மனதில் ஏறிய நேரத்தில், 2024-ல் அது வேறொரு கட்சிக்குப் போய்விட்டது. எங்களுக்கு மைக். தேர்தலுக்கு முந்தின வாரம் ஒரு பாட்டியிடம் நோட்டீஸைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கரும்பு எங்கய்யா?" என்றார். மைக் படத்தைக் காட்டினேன். "இது பாட்டுக் கச்சேரில வெக்கிறதுல்ல?" நாலைந்து தடவை சொல்லிக் கொடுத்தேன். உதயசூரியனுக்கும் இரட்டை இலைக்கும் யாரும் வீடு வீடாகப் போய் இப்படிப் படம் காட்ட வேண்டியதில்லை.

2016-ல் 1 சதவீதம், 2019-ல் 4-ஐ ஒட்டி, 2021-ல் 6.6, 2024-ல் 8.2. சீட் இல்லைதான். ஆனால் 8 சதவீதம் தாண்டினால் சீட் இல்லாமலே மாநிலக் கட்சி அங்கீகாரம் உண்டு. அது கிடைத்தது. அங்கீகாரம் இருந்தால் கட்சிக்கென்று நிரந்தரச் சின்னம். எங்களுக்குப் போட்ட ஒவ்வொரு ஓட்டும் எதற்குப் போனது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். டெபாசிட் போகிறதே என்பார்கள். செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டவில்லையென்றால் போகத்தான் செய்யும். மக்களவைக்கு 25,000 ரூபாய். தெரிந்தேதான் கட்டுகிறோம்.

நடுநிசி:

நான் 2016-லிருந்து நோட்டா. ஆனால் நோட்டா அதிக ஓட்டு வாங்கினாலும் அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயித்தவர் என்று புரிந்ததும் யோசிக்கிறேன். மைக் செட் சொன்ன 8 சதவீதக் கணக்கு நோட்டாவுக்குக் கிடையாதே.

பனங்காடு:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். உங்கட தலையிடியில பாதி எங்கட ஜனாதிபதித் தேர்தலில இல்லை. எங்களுக்கு வாக்குச்சீட்டில 1, 2, 3 எண்டு விருப்பு இலக்கம் போடலாம். முதல் எண்ணிக்கையில ஒருத்தரும் 50 சதவீதம் தாண்டாட்டி, முதல் ரெண்டு பேரைத் தவிர மற்றவைக்குப் போட்ட சீட்டுகளில இருக்கிற அடுத்த விருப்பை எண்ணுவினம். 2024 செப்டம்பரிலதான் முதல் தரம் அப்பிடி எண்ணவேண்டி வந்தது. அனுர குமாரவுக்கு 42 சதவீதம், சஜித்துக்கு 33-ஐ ஒட்டி. அனுர 2019-ல எடுத்தது 3 சதவீதம் சொச்சம் எண்டதையும் நினைச்சுப் பாருங்கோ.

இஞ்ச எங்கட வீட்டில பெரிய வாக்குவாதம். தமிழ்ப் பொது வேட்பாளர் எண்டு அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில நிண்டவர். வெல்லப்போறதில்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். அப்பா சங்குக்குத்தான் எண்டு நிண்டார்: "எங்கட குரலை எண்ணிக்கையில காட்டவேணும்." தம்பி, "கொழும்பில ஆர் இருக்கப்போறது எண்டதுதான் எங்களைப் பாதிக்கும்" எண்டான். நான் ரெண்டு பேருக்கும் சொன்னது: சங்குக்கு 1, மற்ற ஆளுக்கு 2. அப்பா கடைசியில இலக்கம் போடாம ஒரு புள்ளடி (X அடையாளம்) மட்டும்தான் போட்டவர். எங்கட சனத்தில கனபேர் ஒரு புள்ளடியோட வந்திடுவினம். சட்டத்தில வழி இருந்தும் பாவிக்கப் பழக்கேல்லை எண்டது எனக்குக் கவலை.

கரும்பலகை:

பனங்காடு, அருமை. நம் இயந்திரத்தில் ஒரே பொத்தான்தான். உங்கள் சீட்டில் எழுதும் 2-ஐ நாம் மனதுக்குள்ளேயே போட்டுப் பார்த்து, ஓட்டுப் போடும் முன்பே ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

"திமுகவும் ஒருகாலத்தில் இப்படி வளர்ந்ததுதானே" என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். உண்மை. 1957-ல் 15 இடம், 1962-ல் 50. அந்த 1962-ல் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். 1967-ல் ஆட்சி. ஆனால் 1967-ல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி உட்படப் பலரோடு தொகுதி உடன்பாடு இருந்தது. பத்து வருடம் ஊர் ஊராக மன்றமும் படிப்பகமும் நடத்தியதும் அதோடு சேர்ந்தது. அந்தப் படிப்பகங்களில் ஒன்றில்தான் என் அப்பா எழுத்துக்கூட்டிப் பேப்பர் படிக்கக் கற்றார். இன்றைக்கு வருகிற கட்சிகள் அந்தப் பாதியை விட்டுவிட்டு 1967-ஐ மட்டும் பேசும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

பேரூராட்சி:

எல்லோரும் சட்டமன்றத்தையே பேசுகிறீர்கள். 2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் ஜெயித்தது ஒரு சின்னக் கட்சிப் பெண். சில நூறு ஓட்டு கிடைத்தாலே போதும் என்பதால் வீட்டுக்கு வீடு நடந்தே ஜெயித்தார். மன்றத்தில் தனி ஆள். தீர்மானம் எதையும் தடுக்க முடியாது. ஆனால் கூட்டத்துக்கு முந்தின நாள் அஜெண்டாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்து, நாளைக்கு என்ன வருகிறது என்று படித்துச் சொல்வார். அதற்கு முன்னால் இங்கே யாரும் அஜெண்டா என்ற ஒன்றைப் பார்த்ததே கிடையாது. இப்போது பெரிய கட்சிக் கவுன்சிலர்களிடமும் அவரவர் வார்டில் அதைக் கேட்கிறார்கள். மூன்றாவது கட்சிக்கு முதல் ஓட்டை வார்டில் போடுங்கள் என்பேன். சட்டமன்றத்துக்கு நான் இன்னமும் பெரிய கட்சிக்குத்தான் போடுகிறேன்.

நடுநிசி:

கரும்பலகை ஐயா, எங்கள் பூத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை விழுந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. 17சி-யை நாங்கள் கேட்டு வாங்க முடியுமா?

கரும்பலகை:

17சி ஏஜெண்டுகளுக்குத்தான். அதிலும் பதிவான மொத்தம்தான் இருக்கும், கட்சிவாரியாக இருக்காது. உங்களுக்கு வேண்டியது படிவம் 20. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். உங்கள் வாக்காளர் பட்டியலில் இருக்கும் பாகம் எண்ணை வைத்துத் தேடினால், அந்தச் சாவடியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த ஓட்டு ஒரே வரியில் இருக்கும். 2016, 2021 இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், உங்கள் பூத்தில் மூன்றாவதாக வந்தது யார் என்று எனக்கும் தெரிய வேண்டும்.