63 லட்சத்தில் 13 ரொக்கம், அல்லது 60 முழுக்க வங்கி வழி: எதற்குச் சரி சொல்வது?

நங்கநல்லூர் மகள்:

வணக்கம். நங்கநல்லூரில் ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடக்கும் தூரத்தில், அப்பா 1994இல் வாங்கிய ஃபிளாட்டை விற்கிறோம். முதல் மாடி, 780 சதுரடி, யூடிஎஸ், அதாவது மனையில் எங்கள் பிரிக்கப்படாத பங்கு, 420 சதுரடி. லிஃப்ட் இல்லை, கார் பார்க்கிங்கும் இல்லை. அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அம்மா, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், நான் என மூன்று வாரிசுகள். அம்மா இனி தாம்பரத்தில் என்னோடுதான். தன் பங்கை டெபாசிட்டில் போட்டு, மருந்துச் செலவுக்குக்கூட எங்கள் கையை எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும் என்கிறார்.

அடுத்த தெருவில் புது ஃபிளாட் சதுரடி 9,500க்குப் போனதால், கொஞ்சம் குறைத்து 68 லட்சம் சொன்னோம். நான்கு மாதத்தில் பதினோரு பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது இரண்டு பேர் உறுதியாக நிற்கிறார்கள். ஒருவர் 63 தருகிறார். 50க்குப் பத்திரம், 13 ரொக்கம், பத்தே நாளில் கிரயம். இன்னொன்று வேலைக்குப் போகும் இளம் தம்பதி. 60, மொத்தமும் வங்கி வழி, ஆனால் லோன் வர இரண்டு மாதம் ஆகும். புரோக்கர் முதல் ஆளுக்கே தலையாட்டச் சொல்கிறார். அண்ணன், "68லிருந்து இவ்வளவு இறங்க வேண்டுமா?" என்கிறான். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

பழைய லோன் ஆபீசர்:

சகோதரி, வீட்டுக்கடன் பிரிவில் 31 வருடம் இருந்தேன். முதலில் அந்த 68ஐ மறந்துவிடுங்கள். புது ஃபிளாட்டின் சதுரடி விலையைப் பழைய ஃபிளாட்டுக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். பழையதில் ஏறுவது மனை. கட்டடம் வருடா வருடம் தேய்கிறது. உங்கள் பக்கம் மனை 10,500 என்று வைத்துக்கொண்டால் 420 சதுரடிக்கு 44 லட்சம் சொச்சம். இன்று 780 சதுரடி கட்ட, சதுரடிக்கு 2,400 வீதம், கிட்டத்தட்ட 18.7 லட்சம். முப்பது வருடம் ஓடிய கட்டடத்துக்கு அதில் பாதி போட்டால் 9.3. மொத்தம் 53, 54க்குள் நிற்கிறது. மெட்ரோவும் கோயிலும் பக்கத்தில் இருப்பதால் 60 வருகிறது. அது குறைந்த விலை இல்லை. 780க்கு 420 யூடிஎஸ் நல்ல விகிதம், அதைத் தைரியமாகச் சொல்லிப் பேசுங்கள்.

அடுத்து அந்தத் தம்பதியின் கையிருப்பைப் பாருங்கள். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 வரை என்றால், வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம். 60க்கு 48. மீதி 12, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து இன்னும் 5.4. ஆக 17.4 லட்சம் அவர்கள் சொந்தப் பணம். வங்கியின் மதிப்பீட்டாளர் 58 என்று எழுதிவிட்டால் கடன் 46.4 ஆகிவிடும், அந்த 1.6 லட்சத்துக்கும் அவர்கள்தான் அலைய வேண்டும். இது தெரிந்தால் 65 கேட்க உங்களுக்கே மனம் வராது. 62 கேளுங்கள், 61க்கு வாருங்கள்.

விலையோடு சேர்த்தே மற்றதையும் பேசி முடியுங்கள். 10 சதவீதம் அட்வான்ஸ், கிரய ஒப்பந்தத்தைக் கண்டிப்பாகப் பதிவு செய்வது, லோன் கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் எவ்வளவு திருப்பித் தருவது என்று எழுத்தில். ஆடியில் யாரும் கிரயம் வைக்க மாட்டார்கள். ஆனியில் ஒப்பந்தம், ஆவணியில் கிரயம் என்றால் அவர்கள் கேட்கும் இரண்டு மாதம் தானாகவே கிடைத்துவிடும்.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அவ்வளவு தொகையும் அபராதமாகப் போகலாம். அதுவும் விற்றவர் தலையில், அதாவது உங்கள் அம்மா உட்பட மூவர் தலையிலும்.

கொளத்தூர் வாசகி:

நான் 2019இல் அம்பத்தூர் வீட்டை விற்றபோது 9 லட்சம் ரொக்கமாக வாங்கினேன். இன்றும் வருத்தப்படுகிறேன். அடுத்து நாங்கள் வாங்கிய வீட்டுக்காரர் முழுப்பணமும் செக்கில் கேட்டார். கையில் பணம் இருந்தும் அந்த 9 லட்சத்துக்குக் கூடுதல் கடன் எடுத்தோம். அந்தப் பணம் பீரோவில் ஒன்றரை வருடம் கிடந்தது. உங்கள் அம்மா அந்த 13 லட்சத்தை எந்த டெபாசிட்டில் போடுவார்? முறையாக வந்த பணம் என்றால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலேயே 30 லட்சம் வரை போடலாம். நிம்மதியாகத் தூங்குவார்.

பத்திர எழுத்தர் மகன்:

இரண்டு விஷயம். அப்பா உயில் எழுதவில்லை என்றால், அவர் காலமானபோது உங்கள் பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, இருந்தாரா? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வாங்குபவரின் வக்கீல் இதைக் கடைசி நேரத்தில் கிளப்பினால் அதை வைத்தே விலையைக் குறைப்பார்கள்.

அப்புறம், 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்பவர் பெயரில் கட்டும் வரி, விலையிலேயே பிடிக்க வேண்டும். மூன்று பேர் விற்றாலும் மொத்த விலைதான் கணக்கு. உங்கள் அண்ணன் வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசி என்றால் அவர் பங்குக்கு அந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடித்தம் அதைவிட நிறைய வரும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையில் இப்போதே கேட்டு வையுங்கள். இதைத் தம்பதியிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

நங்கநல்லூர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. பாட்டி அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். இறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பதி வந்தார்கள். மனைக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டி 62 என்றேன். அவர்களில் ஒருவர் சமையலறைக் குழாயைத் திறந்து, துரு கலந்து வந்த தண்ணீரைக் காட்டினார். பழைய இரும்புக் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும். உண்மைதான், எங்களுக்கே தெரியும். 60.75இல் முடிந்தது. மொட்டை மாடித் தளம் போட்டதில் சங்கத்துக்கு நாங்கள் தர வேண்டிய 38,000ஐ நாங்களே கட்டுகிறோம்.

அண்ணனிடம் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, "சரி, பவர் எழுதி அனுப்புகிறேன்" என்றான். ரொக்கக்காரருக்கு அம்மாவே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வரும் புதன்கிழமை ஒப்பந்தப் பதிவு. ஊஞ்சலை அம்மா கொண்டுவருகிறார். கொக்கிகளை மட்டும் விட்டுவிட்டுப் போகும்படி அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.