கலைச்சொல் வேண்டல்: ஒருவர் தந்த பேட்டிகளைத் தளம் கடந்து தொகுக்கும் வசதி

குழுவினர்க்கு வணக்கம்.

ஒருவர் விருந்தினராகப் பேசிய பேட்டிகளைப் பாட்காஸ்ட் செயலிகள், யூடியூப் என எல்லா இடங்களிலும் தேடி, அவர் பெயரில் ஒரே பட்டியலாகத் தரும் வசதிக்குச் சொல் வேண்டும். செயலியில் ஒரு பொத்தானுக்குள் அடங்கவேண்டும். கிடைக்கும் பட்டியலையும் அதே சொல் குறித்தால் நல்லது. இதுவரை வந்த பரிந்துரைகள்: விருந்தினர் தேடல், விருந்தினர் தோற்றம், நேர்காணல் திரட்டி, வலையொலித் தேடல்.

முதலிரண்டையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'விருந்தினர் தேடல்' என்றால், அடுத்த நிகழ்ச்சிக்கு நெறியாளர் ஆள் தேடுகிறார் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'தோற்றம்' என்றதும் முகமும் உடையும்தான் நினைவுக்கு வரும்; ஒலி மட்டுமே உள்ள பேட்டிக்கு அது பொருந்தாது. மற்றவை பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

----

மறு: கலைச்சொல் வேண்டல்

> நேர்காணல் திரட்டி

வலைப்பதிவுக் காலத்திலேயே 'திரட்டி'க்குப் பொருள் உறுதிப்பட்டுவிட்டது. 2004-இல் தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி வந்தது முதல், ஓடைகளில் (தளங்கள் தம் புதிய பதிவுகளை அறிவிக்கும் கோப்பு, feed) புதிதாக வருவதை வர வரக் காட்டுவதுதான் திரட்டி. அது நேரத்தைப் பின்பற்றி ஓடுவது. இங்கே கேட்பதோ ஆளை வைத்து அடுக்குவது. நூலின் கடைசியில் சொல்லடைவும் பெயரடைவும் செய்கிற வேலை இது. எனவே பின்பாதி 'அடைவு' ஆகட்டும்.

> வலையொலித் தேடல்

வலையொலி பாட்காஸ்டுக்கு, வலையொளி யூடியூபுக்கு என்று பலர் எழுதுகிறார்கள். ஓர் எழுத்துதான் வேறுபாடு. பேச்சில் லகர ளகரம் பலருக்கு ஒன்றாகவே ஒலிக்கிறது, தட்டச்சிலும் அடிக்கடி மாறிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துத் தேடும் வசதிக்கு அவற்றில் ஒன்றின் பெயரை வைத்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

முன்பாதிக்குச் சொல் தேடும் முன் எதை எண்ணுகிறோம் என்று முடிவுசெய்ய வேண்டும். ஓர் உரையாடல் ஒருமுறை பதிவாகிறது. அதன் ஒலி ஓடை வழியாகப் பல செயலிகளுக்குப் போகிறது. காணொளி யூடியூபில் ஏறுகிறது. அதிலிருந்து சில நிமிடத் துண்டுகள் வெட்டப்படுகின்றன. ஓராண்டு கழித்து 'மீள்பதிவு' என்று மறுபடியும் வருகிறது. தேடினால் பத்து இணைப்புகள் கிடைக்கும், பேட்டி ஒன்றுதான். நூலகத் துறையில் 1998-இல் வந்த எஃப்ஆர்பிஆர் (FRBR) என்ற நூற்பட்டியல் மாதிரியும் இந்தச் சிக்கலுக்காகவே படைப்பையும் அதன் பதிப்புகளையும் பிரித்தது. நமக்கு மூன்று சொற்கள் போதும்: நடந்த உரையாடலுக்குப் பேட்டி, ஒவ்வொரு தளத்திலும் வந்த வடிவுக்கு வெளியீடு, வெட்டியெடுத்த பகுதிக்குத் துணுக்கு. அடைவின் ஒரு வரி என்பது ஒரு பேட்டி. வெளியீடுகளும் துணுக்குகளும் அதன் கீழே வரும். சொல்லிலும் தளத்தின் பெயர் வராமல் பேட்டியே வரவேண்டும்.

----

மறு: மறு: கலைச்சொல் வேண்டல்

> அடைவின் ஒரு வரி என்பது ஒரு பேட்டி.

இதை முழுமனதாக ஏற்கிறேன். நடைமுறையில் எங்கே சறுக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன். வரையறையில் இவை இடம்பெறாவிட்டால் சொல் ஒன்றாகவும் செய்கிற வேலை வேறாகவும் போய்விடும்.

பாட்காஸ்ட் ஓடையில் 'ஆசிரியர்' என்ற புலம் நிகழ்ச்சி நடத்துபவரைத்தான் குறிக்கும். விருந்தினர் பெயர் அத்தியாயத் தலைப்பிலோ விவரக்குறிப்பிலோ இருக்கும், சில நேரம் எங்குமே இருக்காது. ஓடையில் கூடுதல் புலங்களைச் சேர்க்கும் பாட்காஸ்டிங் 2.0 விரிவாக்கத்தில் ஆட்களுக்கென்றே ஓர் ஒட்டு (tag) உண்டு. அதில் விருந்தினர் என்ற பங்கையும் குறிக்கலாம். பங்கைக் குறிக்காமல் விட்டால் நெறியாளர் என்றே கொள்ளப்படும். ஆகவே அந்த ஒட்டை மட்டும் நம்பினால் பல விருந்தினர்கள் நெறியாளர் பட்டியலில் போய் நிற்பார்கள்.

ஆப்பிளின் பொதுத் தேடல் இடைமுகத்தில் (நிரல்கள் தேடுவதற்கான வழி, API) அத்தியாய அளவில் தேடலாம். எண்ணிக்கை சொல்லாவிட்டால் 50 முடிவு, அதிகபட்சம் 200. நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 அழைப்பு. யூடியூப் இடைமுகத்தின் இயல்பான ஒதுக்கீடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 தேடல்தான், ஒரு தேடலுக்கு அதிகபட்சம் 50 முடிவு. ஒரே பெயரை ஆறு எழுத்துக்கூட்டில் தேடினால் ஆறு தேடல் கழியும். அங்கே கால அளவை 'நீண்டது' என்று வைத்தால் 20 நிமிடத்துக்கு மேற்பட்டவை மட்டும் வரும்; துணுக்குகளில் பெரும்பகுதி அங்கேயே வடிந்துவிடும். முதல் சுற்றை இப்படி நடத்திப் பேட்டிகளைப் பிடித்துவிட்டு, துணுக்குகளை இரண்டாம் சுற்றில் சேர்ப்பதே சிக்கனம். குறுகிய பேட்டிகள் முதல் சுற்றில் தவறும் என்பதால் இரண்டாம் சுற்றைக் கைவிடக் கூடாது.

பெயர்தான் பெரிய தலைவலி. தலைப்பெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும், சில இடங்களில் விரிந்து தந்தை பெயராகவே வரும். ரோமன் எழுத்தில் ழகரத்தையும் தகரத்தையும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தாலும் நிம்மதியில்லை. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் என்எஃப்சி (NFC) இயல்பாக்கம் இதைச் சரிசெய்யும். காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருந்தாலோ, ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக எழுதியிருந்தாலோ எந்த இயல்பாக்கமும் உதவாது. அந்த வடிவங்களைத் தேடவேண்டிய பெயர்களின் பட்டியலில் தனியே சேர்க்கவேண்டும்.

ஒரே பெயரில் இருவர் இருந்தால் விக்கித்தரவு (Wikidata) என்ற திறந்த தரவுத்தளத்தில் அவருக்குள்ள எண்ணை ஆளோடு இணைப்பது நல்லது. அந்த எண் இல்லாதவருக்கு, துறையையும் பணியாற்றும் இடத்தையும் விவரக்குறிப்பில் உறுதிசெய்த பிறகே சேர்க்கவேண்டும்.

இரண்டு வெளியீடுகள் ஒரே பேட்டிதானா என்று பார்க்கக் கால அளவை நம்பாதீர்கள். பதிவிறக்கும்போதே விளம்பரத்தைச் செருகும் முறை இருப்பதால் ஒரே அத்தியாயம் இருவருக்கு இரு நீளத்தில் கிடைக்கும். கோப்பின் கைரேகையும் (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அடையாளக் குறி, hash) அதனால் பொருந்தாது. தொடக்கத்தை ஒப்பிட்டாலும் பயனில்லை. முன்னோட்டமும் அறிமுகமும் தளத்துக்குத் தளம் மாறும். நடுப்பகுதியில் சில நிமிடங்களின் எழுத்துவடிவை எடுத்து ஒப்பிடுங்கள், பெரும்பாலும் தெளிவாகத் தெரிந்துவிடும். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற கருவி இதற்குப் போதும். ஆனால் பெயர்களை அது தவறாகக் கேட்கும். பெயரைத் தொடக்கக் குறிப்பாகக் கொடுத்தாலும் அது முதல் 30 நொடிச் சாளரத்துக்குத்தான் நேரடியாகப் போகும். எனவே எழுத்துவடிவில் பெயர் இல்லை என்பதற்காக ஆள் அங்கே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

----

மறு: மறு: மறு: கலைச்சொல் வேண்டல்

முன்பாதிக்கு வருகிறேன். 'நேர்காணல்' நல்ல சொல்தான், ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பதற்கும் அதுவே வழங்குகிறது. பொத்தானில் 'நேர்காணல் அடைவு' என்று பார்ப்பவர் எதை நினைப்பார் என்று உறுதியாகச் சொல்லமுடியாது.

ஈழத்தமிழ் இதழ்களில் பேட்டி என்ற பொருளில் வழங்கும் 'செவ்வி' எனக்கு மிகவும் பிடித்த சொல்: சுருக்கமானது, வேறு துறையோடு மோதாதது. தனியாக நிற்கும்போது அழகாக இருக்கிறது. 'செவ்வியடைவு' என்று புணர்ந்தால் மட்டும், விரைவாகப் படிக்கிற கண் அதைச் 'செவ்வியல்' என்று தொடங்கிவிடுகிறது. சிறிய திரையில் இந்தத் தடுமாற்றம் தொடர்ந்து நேரும்.

'பேட்டி' வடக்கிலிருந்து வந்த சொல் என்ற மறுப்பு வரும் என்று தெரியும். ஆனால் தேடுபவர் தட்டச்சுவதும் காணொளித் தலைப்பில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். தேடல் வசதிக்கு வைக்கும் சொல் தேடுபவரின் வாயில் இருக்கவேண்டும். என் தேர்வு 'பேட்டியடைவு'. பொத்தானில் அது, உதவிப் பக்கத்தில் 'செவ்வியடைவு' இணைச்சொல்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தேடல் நிரல் பெயரோடு பேட்டி, நேர்காணல், செவ்வி, உரையாடல், கலந்துரையாடல் ஐந்தையும் சேர்த்துத் தேடவேண்டும். நாம் எதைத் தேர்ந்தாலும் நிகழ்ச்சி நடத்துபவர்கள் தங்கள் பழக்கப்படிதான் தலைப்பிடுவார்கள். 'பேட்டி' என்று மட்டும் தேடினால் ஈழத்து ஒலிப்பதிவுகளில் பெரும்பகுதி விடுபட்டுவிடும்.

'மீள்பதிவு' பற்றியும் முடிவு தேவை. பழைய பேட்டியையே மறுபடி ஏற்றினால் அது வெளியீடு. பழையதோடு புதிய கேள்விகளைச் சேர்த்துப் பதிந்திருந்தால் தனிப் பேட்டியாக எண்ணி, இரண்டையும் இணைத்துக் காட்டலாம் என்று முன்மொழிகிறேன். பதிவான நாளுக்கும் வெளியான நாளுக்கும் தனித்தனிப் புலம் இருந்தால்தான் இதைப் பிரிக்கமுடியும். பதிவு நாள் தெரியாதபோது அந்தப் புலத்தை வெறுமையாக விடவேண்டுமே தவிர, வெளியான நாளால் நிரப்பக் கூடாது.