லைசென்ஸ் வந்தாயிற்று, இனி யாரிடம் கற்பது?

வான்கோழி எழுதியது:

ஸ்கைடைவிங்கில், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பதில், 83 ஜம்ப் முடித்திருக்கிறேன். யுஎஸ்பிஏ (அமெரிக்க பாராசூட் சங்கம்) முறைப்படி இரண்டாம் நிலையான பி லைசென்ஸ் கையில் இருக்கிறது. இனி எண்ணிக்கை ஏறினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் 3,500 அடியில் பைலட் சூட்டை (பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் சின்னக் குடை) வீசினேன். கேனப்பி (பாராசூட்டின் துணி) விரிந்தது, ஆனால் அதன் கயிறுகளான லைன்கள் முறுக்கிக்கொண்டன. நான்கு சுற்று இருக்கும். அப்புறம் கேனப்பி ஒரு பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. ரைசர்களை (லைன்களைத் தோளோடு இணைக்கும் பட்டைகள்) பிரித்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக உதைத்தேன், உதைத்தேன், உதைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வழியாக அவிழ்ந்தது. அதற்குப் பிறகுதான் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்த்தேன். 1,500 அடி.

தரையில் எல்லோரும் முதுகில் தட்டினார்கள். பழைய பயிற்றுநர் ஒருவர் மட்டும் பக்கத்தில் வந்து, “உதைக்கும்போது எத்தனை அடியில் இருந்தாய்?” என்று கேட்டார். தெரியவில்லை. “அவிழாமல் போயிருந்தால் எந்த அடியில் கட்-அவே செய்திருப்பாய்?” (கட்-அவே என்றால் பழுதான பாராசூட்டைக் கழற்றிவிட்டு, ரிசர்வ் என்ற உதிரிப் பாராசூட்டுக்குப் போவது.) அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பி லைசென்ஸ்காரருக்கு முடிவெடுக்கும் உயரம் 1,800 அடி என்று தேர்வில் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அன்று அந்த எண் தலைக்குள் எங்கேயும் இல்லை.

மாணவனாக இருந்தபோது ஒவ்வொரு ஜம்ப்புக்குப் பிறகும் ஒருவர் உட்கார்ந்து குறை சொல்வார். இப்போது குதிக்கிறேன், மடிக்கிறேன், மறுபடி குதிக்கிறேன். யாரும் எதுவும் சொல்வதில்லை. இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இப்போதைய 190 சதுர அடி கேனப்பியை விட்டு 150க்குப் போகலாமா என்று யோசனை, தெரிந்தவர் ஒருவர் விற்கிறார். முதுகில் மாட்டும் பாராசூட் தொகுப்பான ரிக்கோடு சேர்த்து என் எடை 197 பவுண்டு. ஹெல்மெட்டில் கேமரா மாட்டவும் ஆசை.

பழையகுடை எழுதியது:

தம்பி, கேமரா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 200 ஜம்ப் ஆகும் வரை வேண்டாம் என்பது யுஎஸ்பிஏ பரிந்துரை. லைன் மாட்டிக்கொள்ளும் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். கேமரா இல்லாமலே ஆல்டிமீட்டரை மறந்தவர் நீங்கள் என்பது என் காரணம்.

150க்கு வருவோம். 197ஐ 190ஆல் வகுத்தால் விங் லோடிங் (ஒரு சதுர அடி தாங்கும் பவுண்டு) 1.04. 150ஆல் வகுத்தால் 1.31. வேகம் கூடும் என்பதுதான் எல்லோர் கண்ணிலும் படும். டாகிளை (திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் கைப்பிடி) அதே அளவு இழுத்தாலும் சின்னக் கேனப்பி வேகமாகத் திரும்பும், அந்தத் திருப்பத்தில் அதிக உயரத்தைத் தின்னும், லைன் முறுக்கினால் கடுமையாகச் சுழலும். போன வாரத்து முறுக்கு 150இல் வந்திருந்தால் இவ்வளவு நேரம் உதைத்துக்கொண்டிருக்க முடிந்திருக்காது. 190இல் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு 170க்குப் போங்கள். 150 எங்கேயும் ஓடிப்போகாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், என் இடது காலில் இருக்கும் கம்பிதான். என் 312வது ஜம்ப். பாராசூட் அழகாக விரிந்தது, காற்றும் மிதம். 1,000 அடியில் தரையிறங்கும் பாதையான பேட்டர்னுக்குள் வந்தேன், 600இல் ஒரு திருப்பம், 300இல் கடைசித் திருப்பம், எல்லாம் பாடத்தில் உள்ளபடி. சுமார் 100 அடியில் இடதுபுறத்திலிருந்து இன்னொருவர் என் பாதைக்குக் குறுக்கே வந்தார். என் கை தானாக வலது டாகிளை இடுப்பு வரை இழுத்தது. கேனப்பி திரும்பியது, திரும்பும்போதே மூக்கைக் குத்திக்கொண்டு பாய்ந்தது. அது மறுபடி என் தலைக்கு மேல் வருவதற்குள் தரை வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. பழுதில்லாத பாராசூட்டுக்குக் கீழே, மாட்டியிருந்த ஒரு கருவியும் உதவ முடியாத இடத்தில்.

கட்டிலில் கிடந்தபோது பொழுது போகாமல் என் ஜம்ப் பதிவேட்டைப் புரட்டினேன். 311 பதிவுகள். யாரோடு குதித்தேன், எத்தனை பேர் கைகோத்தோம், எத்தனை வடிவம் போட்டோம், யார் தாமதமாக வந்தார், எல்லாம் இருந்தது. தரையிறங்கியதைப் பற்றி? ‘நன்று’. ‘நன்று’. ‘நின்றபடி’. ‘நன்று’. பாராசூட் திறக்கும் முன் விழுகிற ஃப்ரீஃபால் ஒரு நிமிடம், கேனப்பிக்குக் கீழே நாலைந்து நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைத்தான் 311 தடவை படித்திருக்கிறேன். மீதி நேரமெல்லாம் கீழே போய் என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டு வந்திருக்கிறேன் போல.

அன்று எனக்குத் தேவைப்பட்டது பிரேக்கில் திரும்புவது. இரண்டு டாகிளையும் ஏறக்குறைய பாதி வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, திரும்ப வேண்டிய பக்கத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து, எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் விட வேண்டும். கேனப்பி சாயாமல், பாயாமல் தட்டையாகத் திரும்பும். இதை நான் படித்திருந்தேன், அதாவது வாயால் சொல்லத் தெரியும். அவசரத்தில் கை எதைச் செய்து பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். என் கை முழு டாகிளை மட்டுமே பழகியிருந்தது.

கால் சரியானதும் நான் செய்தது இதுதான். ஒவ்வொரு குதிக்கும் நாளிலும் ஒரு ஜம்ப்பைக் கேனப்பிக்காகவே ஒதுக்கினேன். வெளியே வந்ததும் உயரத்திலேயே திறந்துவிடுவது. (விமானத்தில் ஏறும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். உயரத்தில் திறப்பவர் கடைசியில்தான் வெளியேற வேண்டும்.) சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு முதலில் டாகிளைத் தொடாமல் பின் ரைசரால் மட்டும் திரும்பிப் பார்ப்பேன். திறந்த உடனே எதிரே யாராவது வந்தால் அதுதான் கை கொடுக்கும். அப்புறம் முழு டாகிளில் ஒரு முழுச் சுற்று, எவ்வளவு உயரம் போயிற்று என்று குறித்துக்கொள்வது. அதே சுற்றைப் பாதி பிரேக்கில். கால் சுற்றில் ஆல்டிமீட்டர் காட்டும் வித்தியாசம் பிடிபடாது, அதனால் முழுச் சுற்று அடித்து நாலால் வகுங்கள். அப்புறம் ஃப்ளேர் (தரையிறங்கும்போது இரண்டு டாகிளையும் இழுத்து வேகம் குறைப்பது), எந்த இடத்தில் கேனப்பி மட்டமாகிறது, எந்த இடத்தில் பறப்பதை நிறுத்தி ஸ்டாலுக்குப் போகிறது என்று. 2,500 அடி வந்ததும் பள்ளிக்கூடம் மூடல். அதற்குக் கீழே தரையிறங்கும் வேலை மட்டும்.

பி லைசென்ஸுக்காகக் கேனப்பிப் பயிற்சி அட்டையில் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். எத்தனை அவசரமாக வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதே பயிற்சியை இன்னொரு முறை, தரையிறங்குவதை வீடியோ எடுத்துக் காட்டும் ஒருவரிடம் செய்யுங்கள். நான் இரண்டாவது முறை போனபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு ஃப்ளேரிலும் வலது கை இடது கையைவிட முந்துகிறது என்று. அத்தனை வருடமும் ‘பக்கக் காற்று’ என்று நான் திட்டியது என் வலது கையைத்தான்.

கடைசியாக, அந்த 1,800. எண்ணை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. மாணவர்களுக்குத் தொங்கவிடும் பயிற்சிச் சேணம் இருக்குமே, கூச்சப்படாமல் அதில் ஏறித் தொங்குங்கள். மூன்று உதை, ஆல்டிமீட்டர், எண்ணை வாய்விட்டுச் சொல்வது. மறுபடி மூன்று உதை, பார், சொல். நண்பர் ஒருவர் கீழே நின்று உயரத்தைச் சொல்லட்டும். அவர் 1,800 என்றதும் உதைப்பதை நிறுத்திவிட்டுக் கட்-அவே, ரிசர்வ். அவிழப்போகிறது போலிருக்கிறதே என்று அந்த நேரத்தில் தோன்றும். தோன்றட்டும்.

மடிப்புக்காரன் எழுதியது:

பாராசூட்டைச் சரிபார்த்துப் பழுது நீக்கும் ரிக்கராக இரண்டு விஷயம் மட்டும்.

ஏஏடி (தானாக ரிசர்வைத் திறக்கும் கருவி) இருக்கிறதே என்ற நினைப்பு உங்களுக்கு எங்கேயோ ஓடியிருக்கலாம். 1991இல் வந்த சைப்ரஸ் என்ற ஏஏடியின் எக்ஸ்பர்ட் அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 750 அடியில், இறங்கும் வேகம் நொடிக்கு 35 மீட்டரைத் தாண்டினால்தான் அது ரிசர்வைத் திறக்கும். முறுக்கிய கேனப்பிக்குக் கீழே நீங்கள் அந்த வேகத்தை எட்டியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கடைசி வரை அது சும்மாதான் இருந்திருக்கும். கட்-அவேக்கு உதவும் மூன்று வளைய விடுவிப்பைக் கண்டுபிடித்த பில் பூத், கருவி பாதுகாப்பானதாக ஆக ஆகக் குதிப்பவர்கள் அதற்கேற்றபடி துணிச்சலைக் கூட்டிக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறார். என் மேசைக்கு வரும் ரிக்குகளைப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்றுதான் படுகிறது.

இரண்டாவது, உங்கள் முறுக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டார்களா? பைலட் சூட்டை வீசும்போது தோள் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வரும். லைன்களை ரப்பர் பேண்டில் அடுக்கும்போது ஒருபக்கம் இறுக்கம், மறுபக்கம் தொளதொளவென்று இருந்தாலும் வரும். அடுத்த முறை மடிப்பதை ஒரு ரிக்கர் பார்க்கும்படி செய்யுங்கள். லைன்களையும் அளக்கச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரா என்ற இழையாலான லைனாக இருந்தால், ஸ்லைடர் (கேனப்பி விரிவதை மெதுவாக்கும் துணி) உரசும் சூட்டில் நாளாக ஆகச் சுருங்கும், டாகிளோடு இணைந்த பிரேக் லைன் அதிகமாகவே சுருங்கும். பிரேக்கை விடுவித்து டாகிளை முழுக்க மேலே விட்டதும் அண்ணாந்து பாருங்கள். பிரேக் லைன் லேசாகத் தொய்ந்து வளைந்திருக்க வேண்டும். விறைப்பாக நின்று கேனப்பியின் வாலை இழுத்துக்கொண்டிருந்தால், நீங்கள் தெரியாமலே எப்போதும் பிரேக்கில் பறக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு பழையகுடை சொன்ன பயிற்சியைச் செய்தால் கணக்கெல்லாம் தப்பாக வரும்.

ஜெட்வேகம் எழுதியது:

எல்லோருமாகச் சேர்ந்து பையனைப் பயமுறுத்தாதீர்கள். நான் 100 ஜம்ப்பிலேயே 135க்குப் போனேன். இப்போது 400 தாண்டிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. ஃப்ரீஃபாலில் நல்ல கட்டுப்பாடு இருந்தால் போதும், காற்றில் மிதந்து பழகும் விண்ட் டனலில் நேரம் செலவிடுங்கள்.

பழையகுடை எழுதியது:

311வது ஜம்ப் வரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். டனல் நல்லதுதான், ஆனால் அதில் தரையிறங்குவது கிடையாது.

இடைவேளை எழுதியது:

வான்கோழி, நான் உங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், 140 ஜம்ப். ஐந்து மாதம் குதிக்காமல் இருந்துவிட்டுத் திரும்பிப் போனேன். பி லைசென்ஸ்காரர் 90 நாள் குதிக்காமல் இருந்தால் மேற்பார்வையில் மறுபடி தொடங்க வேண்டும் என்பது யுஎஸ்பிஏ பரிந்துரை. எனக்கு எதற்கு, நேற்றுத்தான் குதித்தது போல இருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சேணத்தில் ஏறினேன். “கட்-அவே!” என்று அவர்கள் கத்தியதும் என் கை போனது ரிசர்வ் கைப்பிடிக்கு. இடது கை, முதலில், யோசிக்காமல். அதிலிருந்து, குதிக்கும் நாளில் ரிக்கை மாட்டியதும் வலது கைப்பிடி, இடது கைப்பிடி என்று பார்த்துத் தொட்டுவிட்டுத்தான் விமானத்தை நோக்கி நடக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எனக்கு உதவுகிற இன்னொரு பழக்கம், விபத்து அறிக்கை படிப்பது. யுஎஸ்பிஏ பத்திரிகையில் வரும். முதலில் எல்லோரையும் போல, இப்படியா செய்வார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு படித்தேன். இப்போது பாதியில் நிறுத்தி மீதியைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். இந்த உயரம், இந்த நிலை, நான் என்ன செய்வேன் என்று எழுதிவிட்டு அப்புறம் மீதியைப் படிக்கிறேன். அந்த ஆள் செய்த தப்பையே நானும் எழுதி வைத்திருக்கும் நாட்கள் உண்டு. நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

வான்கோழி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. 150ஐ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரோ வாங்கிவிட்டார்கள், கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

ரிக்கர் ஒருவர் நான் மடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். இடதுபக்க ரப்பர் பேண்டுகள் பாதி தளர்ந்திருந்தன. நான் தினமும் கையால் தொடுகிற பொருள், கவனிக்கவே இல்லை. பிரேக் லைன் சரியாகத்தான் இருக்கிறது.

சேணத்தில் தொங்கினேன். முதல் தடவை நண்பர் 1,800 என்று சொன்ன பிறகும் இரண்டு உதை உதைத்தேன், தரையிலேயே! நாலாவது தடவைதான் சரியாக நின்றேன்.

அப்புறம் உயரத்தில் திறந்து மூன்று ஜம்ப். என் 190இல் முழு டாகிளில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 380 அடி போகிறது, பாதி பிரேக்கில் 160. இரண்டும் இவ்வளவு வித்தியாசப்படும் என்று நினைக்கவே இல்லை. அண்ணே, ஒரு சந்தேகம். மூன்றாவது ஜம்ப்பில் பிரேக்கை இன்னும் ஆழமாக இழுத்தபடி திரும்பும்போது காற்றுச் சத்தம் சட்டென்று குறைந்து, கேனப்பி பின்பக்கமாக நழுவுவது போல ஒரு நடுக்கம் வந்தது. பயந்து போய் இரண்டு டாகிளையும் ஒரேயடியாக விட்டேன். கேனப்பி முன்னால் பாய்ந்தது. அது ஸ்டாலா?

பழையகுடை எழுதியது:

அதன் வாசல்படி. சத்தம் குறைவதுதான் முதல் அறிகுறி, அது காதில் விழுந்ததே பெரிய விஷயம். ஆனால் ஒரேயடியாக விடக்கூடாது. பாய்ந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா, தரைக்குப் பக்கத்தில் அப்படிப் பாய்ந்தால் என் காலின் கதைதான். இரண்டு கையையும் சமமாக, மெதுவாக மேலே விடுங்கள், கேனப்பி மறுபடி பறக்க ஆரம்பிக்கும் வரை. இதையும் உயரத்திலேயே வைத்துக்கொண்டு நாலைந்து தடவை செய்யுங்கள்.

நடுக்கம் வந்தபோது கை எங்கே இருந்தது? விலாவுக்கு நேராகவா, இடுப்புக்கு நேராகவா? அடுத்த தடவை அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். 170க்கு மாறினால் அந்த இடமும் மாறிவிடும், அப்போது மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.